பாண்டிருப்பு மணலில் ஒரு கொடுக்கல் வாங்கல்

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்லடிப் பாலத்தைக் கடந்து தெற்கே செல்லும் பெருந்தெரு, கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாகக் கிடக்கும் ஒடுங்கிய நிலத்தின் நடுவே நீள்கின்றது. காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, பெரியகல்லாறு என ஊர்கள் ஒன்றையொன்று கைகோத்து நிற்கின்றன. ஓர் ஊர் முடிந்து மற்றையது தொடங்கும் இடத்தைக் கண்ணால் அறிதல் அரிது. கோவில் மணியோசை தேய்ந்து பாங்கோசை வளரும் இடத்தைக் காதால் அறியலாம். பெரியகல்லாற்றைத் தாண்டிச் சென்றால் அம்பாறை மாவட்டம் வருகின்றது. 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரித்து அமைக்கப்பெற்ற மாவட்டம் இது. எல்லைக் கோடு பிரிந்ததேயன்றி, மண்ணும் மொழியும் உணவும் பிரியவில்லை.

பெரியநீலாவணையை அடுத்து மருதமுனை. தறியோசைக்குப் பேர்போன ஊர் அது. அங்கு நெய்யப்படும் சாரமும் சேலையும் இலங்கை முழுவதும் செல்கின்றன. மருதமுனைக்குத் தெற்கே, கல்முனைப் பட்டினத்துக்கு வடக்கே, இரண்டுக்கும் இடையில் அமைந்திருப்பதே பாண்டிருப்பு. வடக்கே முஸ்லிம் நெசவாளர் ஊர்; தெற்கே வணிகப் பட்டினம்; நடுவே திரௌபதை அம்மன் எழுந்தருளிய தமிழூர். பிட்டும் தேங்காய்ப்பூவும்போல என்று இப்பகுதியார் தம் இரு சமூகங்களையும் சேர்த்துச் சொல்வர். அப்பிட்டு இடையிடையே உதிர்ந்துபோன காலங்களும் உண்டு. எனினும் காலையில் சந்தையிலும் மாலையில் கடற்கரையிலும் இருசாராரும் சந்திக்காமல் ஒருநாளும் கழிவதில்லை.

பாண்டிருப்பென்றதும் அயலூரார் நினைவுக்கு வருவது திரௌபதை அம்மன் ஆலயத் திருவிழா. பதினெட்டு நாட் பாரதப் போரை நினைவூட்டுமாறு பதினெட்டு நாட்கள் நடைபெறுவது அது. சூதிலே யாவற்றையும் தோற்ற பாண்டவர் வனவாசம் செல்வதும், அருச்சுனன் தவநிலை ஏறுவதும், ஈற்றில் தீமிதிப்பும் ஆண்டுதோறும் ஊரார் கண்முன் நடந்தேறும். ஊர்ப்பெயரையே பாண்டவரோடு சேர்த்துச் சொல்வோரும் உளர். இவ்வூர்ச் சிறுவர் பாரதக் கதையைப் படித்து அறிவதற்கு முன்னமே பார்த்து அறிந்துவிடுவர். இதை இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. சற்றுப் பொறுத்தால் வாசகர்களுக்கு விளங்கும்.

நாம் அங்கு சென்றது ஆவணி மாதத்து மாலையொன்றில். கச்சான் காற்று பகல் முழுவதும் வீசி ஓய்ந்திருந்தது. கடல் குளம்போல் கிடந்தது. கரைவலை இழுத்து முடிந்து, வலைகள் மணலிற் காய்ந்துகொண்டிருந்தன. கரையோரத்தில் வெற்று நிலங்களும் அத்திவாரக் கற்களும் தென்பட்டன. 2004 டிசம்பர் 26ஆம் நாள் காலையில் வந்த ஆழிப்பேரலை இக்கரையோரத்துக் குடிமனைகளைச் சில நிமிடங்களில் வாரிக்கொண்டு போயிற்று. வீடுகள் நின்ற வெளியிலேதான் இப்போது பிள்ளைகள் பந்து உதைக்கின்றனர். கோல் கம்பங்களாக இரண்டு சவுக்குத் தடிகள். அவற்றில் கட்டியிருந்தது கரைவலையின் பழைய துண்டு. பாண்டிருப்புப் பிள்ளைகளும் மருதமுனைப் பிள்ளைகளும் கலந்தே ஆடினர். யார் எந்த ஊர் என்பதைச் சட்டையைப் பார்த்து அறிய முடியவில்லை. ஒருவன் முதுகில் மெஸ்ஸி, இன்னொருவன் முதுகில் ரொனால்டோ. மற்றொருவன் முதுகிலோ சட்டையே இல்லை.

ஆட்டத்தைவிட அதன் ஓரத்தில் நடந்த வாதமே எம்மை ஈர்த்தது. மீன்வாடி ஒன்றின் நிழலில் ஏழெட்டுப்பேர் அமர்ந்து பிளேன்டீ அருந்திக்கொண்டிருந்தனர். அவர்களுள் முச்சக்கரவண்டி ஓட்டும் பாண்டிருப்பு இளைஞர் ஒருவரும், கட்டாரிலே பல்லாண்டு உழைத்துத் திரும்பிச் சாரம் வியாபாரம் செய்யும் மருதமுனைப் பெரியவர் ஒருவரும், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் முக்கியமானவர்கள். இளைஞர் குரலை உயர்த்திச் சொன்னார்:

“எத்தோவைக் குடுத்தது பிழை காக்கா. முப்பது கோல் அடிச்சவனைக் குடுத்து, மேல காசும் குடுத்து, ஆரும் ஆளை மாத்துவானா?”

“கையில இருக்கிறத வைச்சுக்கொண்டு இருந்தா வியாபாரம் நடக்குமா தம்பி?” என்றார் பெரியவர்.

பொருள் எமக்கு விளங்கிற்று. 2009ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஸ்பானியப் பார்சிலோனாக் கழகமும் இத்தாலிய இன்டர் மிலான் கழகமும் செய்துகொண்ட வீரர் மாற்றத்தைப் பற்றியே அவர்கள் வழக்காடினர். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் உதைபந்தாட்ட இரசிகர் மத்தியில் தீராத வழக்கு இது. மாணவ வாசகர்களுக்காக அதன் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்வோம்.

கமரூன் நாட்டு வீரர் சாமுவேல் எத்தோ 2004 முதல் பார்சிலோனாவின் முன்னணி வீரர். ஐரோப்பியச் சம்பியன் கிண்ணத்து இறுதியாட்டங்கள் இரண்டில், 2006இலும் 2009இலும், கோல் அடித்தவர். 2008-09 பருவத்து ஸ்பானிய லீக் போட்டிகளில் மாத்திரம் 30 கோல்கள். அவ்வாண்டு பார்சிலோனா மூன்று பெருங் கிண்ணங்களையும் வென்றது. ஆயினும் பயிற்றுநர் பெப் குவார்டியோலாவுக்கும் அவருக்கும் மனம் ஒத்துவரவில்லை. அதே பருவத்தில் இத்தாலியில் 25 கோல்கள் அடித்து முதலிடம் பெற்றவர் சுவீடன் நாட்டு சிலாத்தான் இப்ராகிமோவிச். நெடிய உடலும் நுண்ணிய காலும் உடையவர். பார்சிலோனா எத்தோவையும் கொடுத்து, அதன்மேல் ஏறத்தாழ 4 கோடியே 60 இலட்சம் யூரோவையும் கொடுத்து, இப்ராகிமோவிச்சைப் பெற்றுக்கொண்டது.

“கார்த்திகை மாசம் வரைக்கும் நான் சொன்னதுதானே சரி?” என்று பெரியவர் விரல்விட்டு எண்ணினார். “வந்த முதல் ஐந்து லீக் ஆட்டத்திலும் கோல். றியல் மாட்ரிட்டுக்கு எதிரா ஒன்றுக்குச் சைபர் என்று வென்ற ஆட்டத்தில் அந்த ஒன்றை அடிச்சது ஆர்? அவன்தான். அந்த வருஷம் லீக் கிண்ணம் 99 புள்ளியோட வந்ததா இல்லையா?”

“சித்திரை மாசத்தைச் சொல்லுங்க காக்கா!” என்று இளைஞர் மடக்கினார்.

சித்திரை மாதம் நடந்தது உலகறிந்தது. 2010இல் ஐரோப்பியச் சம்பியன் கிண்ண அரையிறுதியில் இதே இரு கழகங்களும் மோதின. ஐசுலாந்தில் எரிமலை வெடித்து அதன் சாம்பல் வானை மறைத்திருந்த காலம், விமானங்கள் பறக்கவில்லை. பார்சிலோனா வீரர்கள் தரைவழியாகவே மிலானுக்குப் பயணஞ் செய்து, அங்கே 3-1 எனத் தோற்றனர். எட்டு நாள் கழித்துப் பார்சிலோனாவில் நடந்த மறு ஆட்டத்தில், இன்டர் அணியில் ஒருவர் முதற் பாதியிலேயே வெளியேற்றப்பட்டார். எஞ்சிய பத்துப்பேரும் ஒரு மணி நேரத்துக்கு மேல் கோட்டையைக் காப்பதுபோல் நின்று காத்தனர். அவர்களுள் எத்தோவும் ஒருவர். 30 கோல் அடித்த முன்னணி வீரர், தமது கோல் கம்பத்துக்கு அருகே பாதுகாவலராய் நின்று பந்தை வெளியேற்றிக்கொண்டிருந்தார். இப்ராகிமோவிச்சோ இரு ஆட்டங்களிலும் முடிவுக்கு முன்னரே வெளியே அழைக்கப்பட்டார். அன்று 1-0 என வென்றும் பார்சிலோனா மொத்தக் கணக்கில் தோற்றது. மே மாதம் 22ஆம் நாள் இன்டர் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்று, தானும் ஓராண்டில் மூன்று பெருங் கிண்ணங்கள் பெற்ற கழகமாயிற்று. அடுத்தடுத்த இரு ஆண்டுகளில், இரு வேறு கழகங்களோடு அந்தப் பெருமையைப் பெற்றவர் எத்தோ.

இப்ராகிமோவிச் ஓராண்டிலேயே பார்சிலோனாவை நீங்கினார். ஏ.சி. மிலான் அவரை முதலில் இரவலாகப் பெற்று, பின்பு 2 கோடியே 40 இலட்சம் யூரோவுக்கு வாங்கிக்கொண்டது. கணக்குப் புத்தகத்தின்படி பெருநட்டம்.

“இதிலே வழக்கே இல்லையே!” என்று எம் நண்பர் இடையிற் புகுந்தார். பெரியவர் விடுவாரா? “இருங்க, கணக்கு முடியல்ல. அவன் போன மறுகா என்ன நடந்தது? மெஸ்ஸி நடுவில நின்றான். இரு பக்கமும் வியாவும் பெத்ரோவும். 2011இல் லீக்கும் வந்தது, ஐரோப்பியக் கிண்ணமும் வந்தது. எத்தோ நடுவில நின்றிருந்தா மெஸ்ஸி எங்க நிற்கிறது?” என்றார். பின்பு தம் கட்சிக்கு இன்னுமொரு சாட்சியையும் அழைத்தார். 2018 தை மாதத்தில் லிவர்பூல் கழகம் தன் அரிய வீரர் பிலிப்பே கூட்டின்யோவைப் பார்சிலோனாவுக்கு விற்றது. கொடுக்கலாமா என்று அன்றும் கூக்குரல். ஆனால் அவ்வாண்டிலேயே வான் டைக் என்ற பாதுகாவலரும் அலிசன் என்ற பந்துக் காப்பாளரும் லிவர்பூலுக்கு வந்தனர். 2019 மே 7ஆம் நாள் அதே பார்சிலோனாவை 4-0 என வென்று இறுதிக்குச் சென்ற லிவர்பூல், கிண்ணத்தையும் வென்றது. கூட்டின்யோவோ இரவலாகப் பயர்ன் மியூனிக்குக்கு அனுப்பப்பட்டு, 2020இல் தம்மை இரவல் கொடுத்த பார்சிலோனாவுக்கு எதிராகவே இரண்டு கோல் அடித்தார். அந்த ஆட்டம் 8-2 என முடிந்தது. இதைச் சொல்லக் கேட்டதும் வாடி முழுவதும் சிரிப்பொலி எழுந்தது. பார்சிலோனா அபிமானியான முச்சக்கரவண்டி இளைஞர் மாத்திரம் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

சிரிப்பு அடங்கியபோது ஒன்றைக் கவனித்தோம். வட்டத்துக்குச் சற்று வெளியே, மணலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு பதினெட்டுப் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் அமர்ந்திருந்தான். அவன் சிரிக்கவில்லை. வாதத்தில் ஒவ்வொருவரும் பேசி முடித்ததும் அவனை ஒருமுறை பார்த்துக்கொண்டனர். ஆசிரியர் எம் காதருகே குனிந்து மெல்லச் சொன்னார்: “இவர்கள் எத்தோவைப் பற்றிக் கதைப்பதாக நினைக்காதீர்கள்.”

விடயம் இதுதான். அப்பையன் இவர்களுடைய சிறு கழகத்தின் இடதுபுற முன்னணி வீரன். கொழும்புக் கழகம் ஒன்று அவனைக் கேட்டிருக்கின்றது. தங்குமிடமும் சிறு வேலையும் தருவார்களாம். கழகத்துக்குப் பதிலாக இருபது பந்துகள், இரண்டு கோல் வலைகள், இரண்டு தொகுதி ஆட்டச் சட்டைகள். பெரியவர் கொடுக்கலாம் என்கிறார், இளைஞர் கூடாதென்கிறார். பையனை முன்னால் வைத்துக்கொண்டு அவனைப் பற்றிப் பேச இருவருக்கும் கூச்சம். ஆதலால் மூன்று நாட்களாக எத்தோவும் இப்ராகிமோவிச்சும் இந்த மணலில் அலைக்கழிகின்றனர்.

சவுக்குத் தடியிற் கட்டிய பழைய வலையை மீண்டும் ஒருமுறை பார்த்தோம். கோடிக் கணக்கில் யூரோ புரளும் உலகத்தில் இருபது பந்து என்பது நகைப்புக்குரிய தொகை. இந்தக் கரையிலோ, ஒரே பந்து கடலுக்குள் போனால் அன்றைய ஆட்டம் முடிந்தது. இருபது பந்து என்பது இங்கே சில ஆண்டுகளுக்கான ஆட்டம். அதை வேண்டாமென்று சொல்வதும் எளிதன்று.

அப்போது ஆசிரியர் பேசினார். அவர் குரலில் வகுப்பறையின் தெளிவு இருந்தது.

“வனவாசத் திருவிழாவைப் பார்க்காதவர் இங்கே எவருமில்லை. மருதமுனையிலிருந்தும் வந்து பார்த்திருக்கிறீர்கள். தருமர் தம்பியரை ஒவ்வொருவராகப் பணயம் வைத்தார். பின் தம்மையும் வைத்தார். ஈற்றில் மனைவியையும் வைத்தார். வைத்தது சரியா, ஆட்டத்தில் வெல்ல வழியிருந்ததா என்று சபையிலே பலர் பலவாறு எண்ணியிருப்பார்கள். திரௌபதை ஒருத்திதான் வேறு கேள்வி கேட்டாள். தம்மை முதலில் தோற்றவருக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை எங்கிருந்து வந்தது என்றாள். பெரியோர் நிறைந்த சபை விடை சொல்ல மாட்டாமல் இருந்தது. நீங்கள் மூன்று நாளாகப் பேசுகிறீர்கள். அவனிடம் எவராவது கேட்டீர்களா?”

எவரும் வாய்திறக்கவில்லை.

இந்த இடத்தில் எமக்கு வேறொரு வழக்கும் நினைவுக்கு வந்தது. பெல்சிய நாட்டில் சான்மார்க் பொஸ்மன் என்றொரு வீரர் இருந்தார். 1990இல் அவருடைய ஒப்பந்தக் காலம் முடிந்தது. பிரான்சு நாட்டுக் கழகம் ஒன்றுக்குப் போக விரும்பினார். ஒப்பந்தம் முடிந்த பின்னரும் மாற்றுப்பணம் தந்தாலன்றிப் போகவிட முடியாதென்று பழைய கழகம் மறித்தது. அவர் நீதிமன்றஞ் சென்றார். ஐந்தாண்டு போராடி, 1995 டிசம்பர் 15ஆம் நாள் ஐரோப்பிய நீதிமன்றத்தில் வென்றார். ஒப்பந்தம் முடிந்த வீரரை ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் பணம் கேட்டு மறித்தல் ஆகாது என்பது தீர்ப்பு. தாம் விளையாடும் காலத்தை அவ்வழக்கிலேயே பெரிதும் இழந்தார். பயனைப் பின்வந்தோர் துய்த்தனர். 2021இல் மெஸ்ஸி பார்சிலோனாவை நீங்கியபோதும், 2024இல் எம்பாப்பே றியல் மாட்ரிட்டுக்குச் சென்றபோதும், கழகத்துக்குக் கழகம் மாற்றுப்பணம் கைமாறவில்லை. திரௌபதை சபையிலே கேட்ட கேள்வியைப் பொஸ்மன் நீதிமன்றத்திலே கேட்டார் எனலாம்.

இதை நாம் எடுத்துச் சொன்னபோது பெரியவர் தலையசைத்தார். ஆயினும் அவரும் விட்டுக்கொடுக்கவில்லை. “வளர்த்தவனுக்கு ஒன்றும் இல்லையா? ஏழு வயதிலிருந்து இவன் உதைச்ச பந்தெல்லாம் ஆர் வாங்கிக் குடுத்தது?” என்றார். அதுவும் நியாயமே. உலக உதைபந்தாட்டச் சங்கத்தின் விதிகளும் அதை ஒப்புகின்றன. ஒரு வீரர் நாடுவிட்டு நாடு பணத்துக்கு மாறும்போது, அப்பணத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு, அவருக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து பயிற்சியளித்த கழகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படல் வேண்டும். வளர்த்த கூலி வேறு, ஆளின் விலை வேறு. இரண்டையும் ஒன்றாக்கும்போதே மனம் நோகின்றது. பாண்டிருப்பு மணலில் மூன்று நாளாகத் தடுமாறிய வழக்கின் முடிச்சு இதுவென்றே எமக்குத் தோன்றிற்று.

“சொல்லு மனே” என்றார் ஆசிரியர்.

பையன் நெடுநேரம் மணலைக் கோடிட்டுக்கொண்டிருந்தான். பின்பு தலைநிமிராமலே சொன்னான்: “போக விருப்பந்தான் சேர். ஆனா சரிவராட்டி? ஒரு வருஷத்தில திரும்பி வந்தா, பந்து வாங்கியாச்சு, நீ எங்கட ஆள் இல்ல என்று சொல்லுவீங்களோ?”

அத்தனை வாதங்களிலும் எவருக்கும் தோன்றாத கேள்வி அது. கோல் எத்தனை, கிண்ணம் எத்தனை, யூரோ எத்தனை என்று எண்ணினோர் அனைவரும், திரும்பி வரும் வழி உண்டோ என்பதை எண்ணவில்லை. எதிர்த்துப் பேசிய இளைஞரே முதலில் எழுந்தார். “டேய், இருபது பந்து வந்தாலும் வராட்டியும் இடது பக்கம் உன்ட இடம். அங்க வேற ஆரையும் நிற்க விடமாட்டன்” என்றார்.

பெரியவர் முகம் மலர்ந்தது. “அப்ப இது வித்தல் இல்ல, இரவல்! நாங்க இரவல் குடுக்கிறம் என்று கொழும்புக்கு எழுதுங்க மாஸ்டர். பந்தை மட்டும் திருப்பிக் கேட்கக் கூடாது என்றும் எழுதுங்க” என்றார். மீண்டும் வாடியிற் சிரிப்பு. இம்முறை பையனும் சிரித்தான்.

ஆசிரியர் அவனிடம் வேறொன்றையும் சொன்னார். 1980களில் டாக்கா நகரின் அபஹானிக் கழகத்துக்காக ஆடிப் புகழ்பெற்ற பக்கீர் அலி நம் இலங்கையின் பாதுகாப்பு வீரர். கடல் கடந்து போனவர், பின்னாளில் இலங்கைத் தேசிய அணிக்கே பயிற்றுநராகவும் இருந்தார். போனவரெல்லாம் இழந்தவர் அல்லர் என்பதற்கு அவரைச் சான்று காட்டினார்.

மஃரிபுக்குப் பாங்கு ஒலித்தது. மருதமுனைப் பிள்ளைகள் பந்தை விட்டு வடக்கே நடந்தனர். சற்று நேரத்தில் ஊருக்குள்ளிருந்து கோவில் மணியும் கேட்டது. பெரியவர் சாரத்தை உதறிக் கட்டிக்கொண்டு எழுந்தவர், போகிற போக்கில் இளைஞரைப் பார்த்து, “எண்டாலும் எத்தோவைக் குடுத்தது சரிதான் தம்பி” என்றார். “நாளைக்கு வாங்க காக்கா, கதைப்பம்” என்றார் இளைஞர்.

கல்முனையில் இரவைக் கழித்து, மறுநாட் காலை வண்டியில் வடக்கே திரும்பினோம். ஒரு மாற்றம் இலாபமா நட்டமா என்பதற்கு விடை, கேட்கும் நாளைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கின்றது. 2009 கார்த்திகையில் கேட்டால் ஒரு விடை, 2010 வைகாசியில் வேறொரு விடை, 2011இல் இன்னொன்று. அப்பையனைப் பற்றிய விடையும் அவ்வாறே பலமுறை மாறக்கூடும். திரும்பி வந்தால் இடமுண்டோ என்று அவன் கேட்டதற்குக் கிடைத்த விடை மாத்திரம் மாறாதிருத்தல் வேண்டும்.

பாண்டிருப்பைக் கடந்தபோது கிழக்கே பார்த்தோம். வீடுகளுக்கிடையே ஒரு கணம் கடல் தெரிந்தது. சவுக்குத் தடிகளுக்கு நடுவே பழைய வலை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அவ்வேளையிலும் அங்கே யாரோ ஒருவன் தனியே நின்று, இடது காலால் பந்தை உதைத்துப் பழகிக்கொண்டிருந்தான்.